கிற் முறைமையிற் கிளையும் தொலைக்களஞ்சியமும்

பலர் கூடி ஒரு நூலைத் திருத்தும்போது எழும் இடர்ப்பாடு பழையது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு மூலத்திலிருந்து பலர் படியெடுத்தனர். படிதோறும் பாடபேதம் தோன்றிற்று. எது முந்தியது, எது எதன் வழிவந்தது என்று தெளிதற்குப் பதிப்பாசிரியர் பெரிதும் உழைக்க வேண்டியதாயிற்று. கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. அவர் எழுதும் திருத்தங்களை வரிசையும் வழிமரபும் மாறாது காப்பதற்கென அமைந்தனவே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகள். அவற்றுள் இன்று பெருவழக்காயிருப்பது கிற் என்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை 2005 ஆம் ஆண்டு ஏப்பிரலில் எழுதத் தொடங்கினார். அதுகாறும் லினக்ஸ் ஆக்குநர் கையாண்டுவந்த பிற்கீப்பர் என்னும் முறைமையை அவர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை நிறுத்தப்பட்டமையே அதற்குக் காரணமாயிற்று.

கிற் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் மயங்குவது கிளை என்னும் சொல்லிலேயாம். கிளையொன்றை அமைத்தல் நூல் முழுவதையும் படியெடுத்து வேறோரிடத்தில் வைத்தல் போலும் எனக் கருதி, ‘கிளைகள் பல வைத்தால் வட்டு நிரம்பிவிடாதோ?’ என வினவுவர். நிரம்பாது. அதன் காரணத்தை அறிந்தவர்க்குப் பிற வினாக்களிற் பெரும்பாலானவை தாமே தீர்ந்துவிடுமாதலின், ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

ஆக்குநர் தம் வேலையை ஒரு நிலையிற் பதியும்போது, அவ்வேளையில் நிரல் முழுவதும் இருந்த தோற்றமும், பதிந்தவர் பெயரும், நேரமும், அதற்கு முற்பட்ட பதிவு யாதென்பதும் ஒருங்கே சேமிக்கப்படும். மாறாத கோப்புகள் மீண்டும் சேமிக்கப்படா, முன்னுள்ளவையே சுட்டப்படும். இவையனைத்தையும் கொண்டு கணித்துப் பெறும் 40 எழுத்துக் குறியீடு ஒன்று அப்பதிவுக்கு அடையாளமாகும். ஒவ்வொரு பதிவும் தன் முன்னோனைச் சுட்டுவதால், இறுதிப் பதிவு ஒன்றை அறிந்தால் அதன் குலமுறை முழுவதையும் பின்னோக்கி அறியலாம். கிளை என்பது அவ்விறுதிப் பதிவுக்கு இட்ட பெயர், அவ்வளவே. வட்டிலே அது பொதுவாக அந்த 40 எழுத்தும் வரிமுடிவுக் குறியும் சேர்ந்து 41 பைற்று அளவினதான சிறு கோப்பாக இருக்கும். புதிய பதிவொன்று தோன்றியதும் பெயர் அதன்மேல் நகர்ந்துவிடும். மரக்கிளை என்னும் உவமை மாணவரை வழிதவறச் செய்கிறது என்பதே எமது கருத்து. பெயர்ச்சீட்டு என்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

‘கிளையை அழித்தால் உழைப்பும் அழியுமோ?’ என்பது அடுத்த வினா. அழிவது சீட்டே. வேறு கிளையோடு இணைக்கப்படாத கிளையைச் சாதாரணக் கட்டளையால் அழிக்கவும் கிற் மறுக்கும். வற்புறுத்தி அழித்தாலும், நாம் நின்ற பதிவுகளின் குறிப்பேடாகிய றெஃப்லொக்கில் அதன் சுவடு வழக்கமான அமைப்பில் 30 நாள்வரை இருக்கும்; அதைக்கொண்டு பழைய பதிவுக்கு மீண்டும் பெயரிட்டு மீட்கலாம். ஆனால் ஒருபோதும் பதியப்படாத திருத்தத்துக்கு இக்காப்பு இல்லை.

இனித் தொலைக்களஞ்சியத்துக்கு வருவோம். கிற் முறைமையிற் களஞ்சியத்தைப் படியெடுப்பவர் அதன் வரலாறு முழுவதையும் தம் கணினிக்குக் கொணர்கிறார். எங்கிருந்து எடுத்தாரோ அம்முகவரிக்கு ஒரிஜின் என்னும் பெயர் தானே இடப்படும். அதனை நடுவிடமாகக் கொள்வது கூடி வேலைசெய்வோரின் உடன்பாடேயன்றிக் கருவியின் விதியன்று.

‘தோழர் நேற்றே தம் வேலையை அனுப்பிவிட்டார்; என் கணினியோ எல்லாம் இற்றைப்படுத்தப்பட்டுள்ளன என்கிறதே, பொய்யுரைக்கின்றதா?’ எனப் பலர் கேட்பர். ஒரிஜின்/மெயின் என நம் கணினியிற் காணப்படுவது தொலைவிலுள்ள கிளையன்று. கடைசியாகத் தொடர்புகொண்டபோது அது எங்கிருந்தது என்னும் நினைவு. அயலூர் உறவினர் ‘யாம் நலம்’ என்றெழுதிய கடிதம் எழுதிய நாளின் நலத்தையே சொல்லும். நிலையை வினவும் கட்டளை அந்நினைவோடு ஒப்பிட்டே விடை தருகிறது, தொலைக்கணினியைக் கேட்பதில்லை. ஃபெச் என்னும் கட்டளை அந்நினைவைப் புதுப்பிக்கும். நம் கிளையைத் தொடாது. புல் என்பது ஃபெச் செய்தபின் வந்தவற்றை நம் கிளையோடு சேர்க்கவும் முற்படும். பயிலுநர் ஃபெச் செய்து, வந்தவற்றைப் பார்த்து, பின்னர் இணைத்தலே நன்று. கண்ணாற் காணாததை இணைப்பானேன்?

நம் பதிவுகளை அனுப்பும் புஷ் கட்டளை சிலவேளை மறுக்கப்படும். அங்கே பிறர் இட்ட பதிவு நம்மிடம் இல்லை. நம்முடையதை அப்படியே ஏற்றால் பெயர்ச்சீட்டு இடம்மாறி, அவருடைய பதிவு பெயரற்றதாகிவிடும். இம்மறுப்பைத் தடையெனக் கருதி வற்புறுத்தி அனுப்புவோரே பிறருழைப்புக்கு ஊறு செய்கின்றனர். ஃபெச் செய்து, இணைத்து, மீண்டும் அனுப்புதலே முறை. வற்புறுத்தல் இன்றியமையாத இடத்தில், நம் நினைவும் தொலைக்கிளையும் ஒத்திருந்தால் மட்டும் செல்லும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் என்பதைக் கையாளலாம். நாம் அறியாமலே பின்னணியில் ஃபெச் செய்யும் எழுதுகருவிகளும் உள. அப்போது நினைவு புதுப்பிக்கப்பட்டுவிடுவதால் இக்காவலும் பயனிழக்கும்.

அவ்வற்புறுத்தல் பெரும்பாலும் வேண்டப்படுவது ரீபேஸ் செய்தபின். ரீபேஸ் நம் பதிவுகளை வேறோர் அடியின்மேல் மீண்டும் எழுதுகிறது. முன்னோன் மாறுவதாற் குறியீடும் மாறும்; ஆகவே அவை புதிய பதிவுகளே. தாம் மட்டும் கையாளும் கிளையில் இதனைத் தாராளமாகச் செய்க. பிறர் தம் வேலைக்கு அடியாகக் கொண்ட கிளையிற் செய்தால், அவரிடம் பழையனவும் இங்கே புதியனவுமாக ஒரே திருத்தம் இருமுறை தோன்றிக் குழப்பும். அத்தகைய கிளைக்கு மேர்ஜ் எனப்படும் இணைப்பே தக்கது.

முதற்கிளைக்கு மாஸ்ரர் என்றிருந்த வழக்கத்தைக் கிற்ஹப் தளம் 2020 இற் புதிய களஞ்சியங்களுக்கு மெயின் என மாற்றிற்று. இரண்டும் பெயரே.

தொலைவில் அழிக்கப்பட்ட கிளை நம் பட்டியலில் நெடுநாள் தோன்றுவதும் மேற்கூறிய நினைவாலேயே. ஃபெச் கட்டளை தானாக அதனை நீக்காது. புறூன் என்னும் தெரிவைச் சேர்த்து ஏவினால் நீங்கும். அதே பெயரில் நாம் அமைத்த நம் கிளை அப்போதும் நம்மிடம் இருக்கும். அதனை நாமே அழித்தல் வேண்டும்.