நீர்மங்களின் கலப்பில் இயற்பியல், வேதியியல் மாற்றங்கள்

இரு நீர்மங்களை (திரவங்களை) ஒன்றுடன் ஒன்று கலக்கும்போது நிகழ்வது இயற்பியல் மாற்றமாகவோ வேதியியல் மாற்றமாகவோ இருக்கலாம். இலங்கை வழக்கில் இவை முறையே பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் எனப்படுகின்றன. கலந்த பொருட்களின் மூலக்கூறுகள் மாறாதிருப்பின் அது இயற்பியல் மாற்றம் ஆகும். அணுக்களின் பிணைப்புகள் மாறிப் புதிய பொருள் தோன்றினால் அது வேதியியல் மாற்றம் ஆகும்.

அடையாளங்கள்

வெப்பம் வெளிப்படுதல், நிறம் மாறுதல், குமிழிகள் எழுதல், வீழ்படிவு தோன்றுதல் முதலியன வேதியியல் மாற்றத்தின் அடையாளங்களாகப் பாடநூல்களில் தரப்படுகின்றன. ஆனால் இவற்றுள் எதுவும் தனித்து நின்று உறுதியான சான்றாகாது. எடுத்துக்காட்டாக, டெட்டாலை நீரில் ஊற்றினால் நீர் பால்போல் வெளுக்கிறது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருட்கள் நீரில் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். இங்கு புதிய பொருள் எதுவும் உருவாவதில்லை.

மாறாக, நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஐதராக்சைடுக் கரைசலும் நிறமற்றவை. கலந்த பின்னரும் கலவை நிறமற்றே இருக்கும். சற்றுச் சூடாவது தவிர வேறு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. எனினும் இது வேதியியல் மாற்றமே. இரண்டும் சரியான அளவில் கலக்கப்பட்டிருந்தால், கலவையை ஆவியாக்கியபின் எஞ்சுவது சாதாரண உப்பு மட்டுமே.

எத்தனாலும் நீரும்

50 மில்லிலீட்டர் தூய எத்தனாலை 50 மில்லிலீட்டர் நீருடன் கலந்தால் 100 மில்லிலீட்டர் கிடைப்பதில்லை. ஏறத்தாழ 96 முதல் 97 மில்லிலீட்டரே கிடைக்கிறது. கலவை சூடும் அடைகிறது. நிறை மட்டும் குறைவதில்லை. உருசிய வேதியியலாளர் திமீத்ரி மெண்டலீவ் 1865 ஆம் ஆண்டு தம் முனைவர் ஆய்வேட்டை இக்கலப்பைப் பற்றியே எழுதினார்; கரைசல்களை ஒருவகை வேதிச் சேர்மங்களாகவே அவர் கருதினார். இருவகை மூலக்கூறுகளும் ஐதரசன் பிணைப்புகளால் ஈர்க்கப்பட்டு நெருங்கி அமைவதாலேயே கனவளவு குறைகிறது என்பது இன்றைய விளக்கம். மூலக்கூறுகள் மாறுவதில்லை, ஆகவே இது இயற்பியல் மாற்றமாகவே வகைப்படுத்தப்படுகிறது.

காய்ச்சி வடித்தல் மூலம் எத்தனாலைத் திரும்பப் பெறலாம். ஆனால் இயல்பான வளியழுத்தத்தில், நிறையளவில் சுமார் 95.6 விழுக்காட்டை எட்டியதும் கலவை ஒரே பொருள்போல் 78.2 பாகை செல்சியசில் கொதிக்கத் தொடங்கும். இது சேர்மம் என்று தோன்றக்கூடும். அழுத்தத்தை மாற்றினால் இவ்விகிதமும் மாறிவிடும். உண்மையான சேர்மத்தின் விகிதம் அவ்வாறு மாறாது.

எச்சரிக்கை

சோடியம் ஐப்போகுளோரைட்டு அடங்கிய வெளுப்பு நீர்மத்தை, ஐதரோகுளோரிக் அமிலம் அடங்கிய கழிவறைத் துப்புரவு நீர்மத்துடன் சேர்த்தால் குளோரின் வளிமம் வெளிப்படும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே செருமானியப் படையினர் ஆயுதமாகப் பயன்படுத்திய வளிமம் இதுவே. இது கண்களையும் நுரையீரலையும் தாக்கும். காற்றோட்டமற்ற குளியலறையில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தலாகாது.