சிறு பிராதுகளும் பெரிய நியாயமும்

தேசத்தின் பெரிய வழக்குகளைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைக்கிறார்கள். ஆட்டுக்குட்டி காணாமற்போனதும், வரப்புத் தகராறில் வாய் தடித்ததும், களத்து நெல்லில் ஒரு மரக்கால் குறைந்ததுமாகிய சின்னஞ்சிறு பிராதுகளையோ ஜனங்கள் தாமே பழமொழிகளாக்கி, சிரித்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் சட்ட ஞானம் சாமானியமானதன்று.

கச்சேரித் திண்ணையில் ஒரு நாளேனும் காத்துக்கிடந்து வாடியவன்தான், ‘சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல்’ என்று சொல்லியிருக்க முடியும். சண்டைக்காரனுக்கு ஒரு கும்பிடு போதும். சாட்சிக்காரனுக்கோ வாய்தாவுக்கு வாய்தா வண்டிச் சத்தமும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பதோடு, கூண்டில் ஏறியபின் அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று நெஞ்சு பதைக்கவும் வேண்டும். ‘பூசணிக்காய் எடுத்தவனைத் தோளிலே காணலாம்’ என்பது இன்னொன்று. சாம்பற்பூசணியின் மேலுள்ள வெண்பொடி, தூக்கிச் சென்றவன் தோளில் ஒட்டிக்கொண்டு, அவன் வாய் திறக்குமுன்பே சாட்சி சொல்லிவிடுகிறது.

சட்டத்துக்கு எப்போதும் இவ்வளவு கூர்மையான கண் இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1816-ஆம் வருஷத்து 11-வது ரெகுலேஷன், வசைமொழி, சிறு கைகலப்பு முதலிய அற்ப விவகாரங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவருக்கு அளித்தது. குற்றவாளியைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவன் தாழ்ந்த சாதியென்று கருதப்பட்டவனாயின், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் கால்களை மாட்டி வைக்கலாம். ஒரே வசைச்சொல்லைச் சொன்ன இருவரில் ஒருவன் சாவடியின் நிழலில் உட்கார்ந்து எழுந்துபோக, மற்றவன் ஊரார் பார்க்க மரத்துளையில் கால் சிக்கிக் கிடந்தான் என்றால், அங்கே விசாரிக்கப்பட்டது குற்றமன்று, பிறப்பே என்பதில் என்ன சந்தேகம்?

சிறு திருடனைத் தண்டிப்பதில் நியாயம் எப்படியெல்லாம் ஏமாந்துபோகும் என்பதற்கு முத்துக்கடல் ஒரு கதை வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1797-ஆம் வருஷம் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி லெபெக் என்ற ஐரோப்பியர் எழுதிய வரலாற்றில் அது காணப்படுகிறது. அழுகவிட்ட சிப்பிகளைக் கூலியாட்கள் கழுவி முத்தைப் பொறுக்க, அவர்கள் கைகளையே மேற்பார்வைக்காரர்கள் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் கையில் பெரிய முத்து அகப்பட்டால், அவன் தன் கூட்டாளிக்கு ஜாடை காட்டுவான். கூட்டாளி உடனே அற்ப முத்தொன்றை, எல்லாரும் பார்க்கும்படியாகவே ஒளித்து, அகப்பட்டுக்கொள்வான். அவனைப் பிடித்து அடித்துத் துரத்துகையில், அவன் போடும் கூக்குரலில் மேற்பார்வைக்காரர் அனைவரும் மூழ்கியிருக்க, பெரிய முத்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். பிறகு அடிபட்டவனுக்கும் அதில் பங்கு உண்டு. அன்று அங்கே குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது, தண்டனையும் நிறைவேறியது; களவு மட்டும் தடுக்கப்படவில்லை.

கூச்சல் கேட்கும் இடத்தை விட்டு மௌனமான கையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இக்கடற்கரைச் சீமையிலேயே தோன்றினார். ஓட்டப்பிடாரத்தில் 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழரென்று உலகம் அறியும். அதற்கு முன்பே, 1895 முதல், சொந்த ஊரில் கிரிமினல் வழக்குகளை நடத்திய வக்கீல் அவர். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீலே. செல்வர்கள் தந்தையை நாட, ஏழைகள் மகனை நாடினார்கள். கூண்டில் நிற்பவனைச் சகலரும் உற்றுப் பார்க்கையில், அவர் நியாயாசனத்தையும் உற்றுப் பார்த்து, கீழ்நிலை நீதிபதிகள் மூவர் லஞ்சம் வாங்கியதை நிரூபித்துக் காட்டினார். போலீஸாரின் பகையும் அவரைத் தேடி வந்தது. 1900-இல் அவர் தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார்.

சிறு வழக்கென்று எதையும் அலட்சியம் செய்யலாகாது. எளியவனுக்கு அதுவே வாழ்நாளின் பெரிய வழக்கு. இன்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமலே இலவசமாக வக்கீல் கிடைக்கிறார். வட்ட அளவிலேயே அதற்கான குழுக்கள் இருக்கின்றன. இதை அறியாமல், பேசத் தெரியாத ஏழையொருவன் தன் பிராதோடு தனியே நின்றால், அந்தக் குறை அவனுடையதன்று. அறிந்திருந்தும் அவனுக்குச் சொல்லாத நம்முடையது.