தொலைநிலைக் கற்றலுடன் தொடங்கிய கல்வியாண்டு: ஆரம்பப் பாடசாலைப் பணியாளர்கள் எவ்வாறு ஆயத்தமாகினர்

ஒன்ராறியோ மாகாணத்தில் 2020-2021 கல்வியாண்டு வழமையான முறையில் தொடங்கவில்லை. ஆரம்பப் பாடசாலைகள் வாரத்தின் ஐந்து நாட்களும் திறந்திருக்கும் என்று மாகாண அரசு ஜூலை 30ஆம் திகதி அறிவித்தது. பிள்ளையை வகுப்பறைக்கு அனுப்புவதா, வீட்டிலிருந்தே கற்கச் செய்வதா என்பதைப் பெற்றோர் தெரிவு செய்யலாம் என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. பேரப்பிள்ளைகளும் முதியோரும் ஒரே கூரையின் கீழ் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இரண்டாவது வழியைத் தெரிவு செய்தன.

பாடசாலைகளை நடத்துவது நகரசபையன்று, அப்பொறுப்பு கல்விச்சபைகளுடையது. எனினும், வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைக்கு நகர நூலகமும் குடும்ப சேவைகளும் முன்னரைவிட அதிகமாகத் தேவைப்பட்டதால், பாடசாலைப் பணியாளர்கள் அவ்வாண்டுக்கு எவ்வாறு ஆயத்தமாகினர் என்பதையும், அந்த ஆயத்தத்தில் வீட்டாருக்கு உரிய பங்கு என்ன என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

2020 வசந்தகாலத்தில் நடந்ததே மீண்டும் நடக்குமா என்பதுதான் பெற்றோர் பலரின் முதற் கேள்வியாக இருந்தது. அன்று பாடசாலைகளை மூடும் முடிவு மார்ச் 12ஆம் திகதி வெளியாயிற்று. ஏப்ரல் 6ஆம் திகதி ஆசிரியர் வழிகாட்டும் வீட்டுக் கற்றல் தொடங்கியது. பாலர் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 5 மணி நேர வேலையும், ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு 10 மணி நேர வேலையும் கொடுக்கப்பட வேண்டும் என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு. சில ஆசிரியர்கள் நாள்தோறும் திரையில் தோன்றினர். சிலர் வேலைத்தாள்களை மட்டும் அனுப்பினர். ஒரே வீட்டிலுள்ள அக்காவுக்கும் தம்பிக்கும் முற்றிலும் வேறுபட்ட அனுபவங்கள் கிடைத்தன.

2020 ஓகஸ்ட் மாதம் கல்வி அமைச்சு வெளியிட்ட 164ஆம் இலக்கக் கொள்கை அறிவுறுத்தல் இந்நிலையை மாற்றியது. தொலைநிலையில் கற்கும் பிள்ளைக்கும் நாளொன்றுக்கு 300 நிமிடக் கற்றல் வாய்ப்பு இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பாலர் வகுப்புப் பிள்ளைக்கு 180 நிமிடங்களும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 225 நிமிடங்களும் ஆசிரியருடன் நேரடித் தொடர்பில் அமைய வேண்டியிருந்தது. ஐந்து நாட்களுக்குக் கணக்கிட்டால், முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாரத்துக்கு ஏறத்தாழ 19 மணி நேரம் ஆசிரியருடன் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது சிறிய எண்ணிக்கையன்று. ஆசிரியருக்கும் அவ்வாறே.

ஆயத்த நாட்களில் நடந்தவை

அவ்வாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னர் மூன்று தொழில்சார் செயற்பாட்டு நாட்கள் ஒதுக்கப்பட்டன. முகக்கவசம், கைகழுவுதல், நோய் அறிகுறி கண்ட பிள்ளையைத் தனியே வைத்துக் கவனித்தல் போன்ற சுகாதாரப் பயிற்சிகளும், தொலைநிலைக் கற்பித்தலுக்கான பயிற்சிகளும் அந்நாட்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. மூன்று நாட்கள் போதுமாக இருந்தனவா என்றால், இல்லை. கோடை விடுமுறையிலேயே தம் சொந்த நேரத்தில் பயின்ற ஆசிரியர்கள் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூகிள் வகுப்பறை, பிரைட்ஸ்பேஸ் போன்ற தளங்களை இயக்கக் கற்பது இப்பயிற்சியின் எளிதான பகுதி. கடினமானது, அத்திரையின் மறுபக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை எதைக் காண்கின்றது, எதைக் கேட்கின்றது என்பதை அறிவது. ஆகவே, ஒரு கணினியில் பாடத்தை நடத்தும் ஆசிரியர் அருகே இன்னொரு கருவியை வைத்து, தாமே மாணவராக அதே வகுப்பில் நுழைந்து பார்ப்பது பயனுள்ள ஒத்திகையாகும். தம் திரையில் தெளிவாகத் தெரியும் எழுத்து, சிறிய ரப்லெற்றில் எறும்பளவாகச் சுருங்கியிருப்பதை அப்போதுதான் காண்பார். எழுத்தை எழுதிக் காட்டுவதற்குக் கமெராவைக் கீழ்நோக்கி, தாளுக்கு மேலே பொருத்த வேண்டும். ஆசிரியரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை பென்சிலை எவ்வாறு பிடிப்பது என்று கற்காது.

ஒலியே இதனினும் நுட்பமான சிக்கல். முதலாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பின் அடித்தளம் ஒலிகளைப் பிரித்தறிவதாகும். எஃப், எஸ் என்ற எழுத்துகளின் மெல்லிய உரசொலிகள் மலிவான ஒலிவாங்கியிலும் தடுமாறும் இணைய இணைப்பிலும் ஒன்றுபோலவே கேட்கக்கூடும். தமிழ் பேசி வளர்ந்து பாடசாலையிலேயே ஆங்கிலத்தைச் சந்திக்கும் பிள்ளைக்கு இது இரட்டைத் தடையாகின்றது. ஆசிரியர் தலையணி ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதும், வாய் அசைவு நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்துக்கு எதிரே அமர்வதும், வீட்டில் பிள்ளைக்கு ஒரு தலையணி கிடைப்பதும் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். பிள்ளை டிசம்பரில் வாசிக்கத் தொடங்குமா என்பது ஓரளவு இவற்றில் தங்கியுள்ளது.

225 நிமிடங்களும் பிள்ளை அசையாமல் திரைமுன் அமர்ந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. முழு வகுப்பாகச் சிறிது நேரம், பின்னர் நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவாக, அதன்பின் ஆசிரியர் இருக்கும்போதே தனியாக வேலை செய்தல் என்று நேரம் பிரிக்கப்பட்டது. பாலர் வகுப்புகளில் ஆசிரியருடன் ஆரம்பகாலச் சிறுவர் கல்வியாளர் ஒருவரும் பணியாற்றுவது ஒன்ராறியோவின் நடைமுறை. தொலைநிலையில் இந்த இணை மிகவும் பயன்படும்: ஒருவர் கதை வாசிக்கும்போது மற்றவர் திரை உறைந்துபோன பிள்ளையையும், அழத் தொடங்கிவிட்ட பிள்ளையையும் கவனிப்பார். யார் எதைச் செய்வது என்பதை முன்னரே பேசிவைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

அறியாத பிள்ளை, அறியாத வீடு

2020இல் பல கல்விச்சபைகள் தொலைநிலை மாணவர்களுக்கென இணையவழிப் பாடசாலையைத் தனியாக அமைத்தன. அதன் விளைவாக, பிள்ளையின் ஆசிரியர் அயலிலுள்ள பாடசாலையைச் சேர்ந்தவராக இல்லாமல் போக இடமிருந்தது. முந்தைய ஆண்டு ஆசிரியரிடம் மதிய இடைவேளையில் விசாரித்து அறியும் வசதி அவருக்கு இருக்கவில்லை. வாசலில் பிள்ளையை விட்டுச் செல்லும் அம்மப்பாவை அவர் கண்டதில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பெயர்ப்பட்டியல்.

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அப்பட்டியலே தடுமாற்றத்தின் தொடக்கமாகலாம். தந்தையின் பெயர் குடும்பப்பெயரின் இடத்தில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் நீண்ட பெயரொன்று இருக்கும். வீட்டில் எல்லோரும் அழைப்பது வேறொரு சின்னப் பெயராக இருக்கும். பதிவுப் பெயரை ஆசிரியர் பிழையான உச்சரிப்பில் மூன்று முறை அழைத்தும் நான்கு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருந்தால், அது கவனமற்ற பிள்ளை என்று முதல் நாளிலேயே எண்ணப்பட இடமுண்டு. வகுப்பறையில் இத்தவறு ஒரு மணி நேரத்தில் திருந்தும். திரையில் வாரக்கணக்காக நீடிக்கலாம். பிள்ளை எப்பெயருக்குத் திரும்பும் என்பதையும் அதன் சரியான உச்சரிப்பையும் பெற்றோர் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவ்வாறு கேட்டுக் குறித்துக்கொள்வதை ஆசிரியர்கள் சிரமமாகக் கருதுவதில்லை.

அவ்வழைப்பில் ஆசிரியர் அறிய விரும்பும் இன்னொன்று, பகல் வேளையில் பிள்ளையின் அருகில் இருப்பவர் யார் என்பது. தொழிற்சாலையிலும் முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் பணியாற்றும் பெற்றோர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. அந்நேரத்தில் பிள்ளையுடன் இருப்பவர் ஆங்கிலம் அறியாத அம்மம்மாவாக இருப்பின், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறிந்திருந்தால், அறிவுறுத்தல்களைப் படங்களுடன் அனுப்புவார்; கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாகக் கமெரா முன் காட்டி உள்நுழையக்கூடிய குறியீட்டு அட்டையைத் தர முடியுமா என்றும் பார்ப்பார்.

அம்மம்மா ஆங்கிலம் கற்பிக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. வேளைக்குப் பிள்ளையை அமர்த்துவதும், பாடம் முடிந்தபின் தமிழில் ஒரு கதை சொல்வதும், அதைப் பிள்ளையைக் கொண்டே திரும்பச் சொல்லவைப்பதும் அவரால் இயலும். கதையின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திச் சொல்லும் திறன் எம்மொழியில் வளர்ந்தாலும் வாசிப்புக்கு உதவும்.

இங்கு ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்டதும், அருகிலிருக்கும் தாயோ அண்ணனோ விடையை மெதுவாகச் சொல்லிக் கொடுப்பதுண்டு. பிள்ளை கூச்சப்படக் கூடாது என்ற அன்பினாலேயே இது நடக்கின்றது. ஆனால் ஆசிரியருக்குக் கிடைப்பது பொய்யான தகவல். பிள்ளைக்கு அந்தச் சொல்லை வாசிக்கத் தெரியும் என்று கருதி, அவர் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவார். வகுப்பறையில் தடுமாறும் பிள்ளையை ஆசிரியரின் கண் கண்டுபிடிக்கும். திரையில் வீட்டார் காட்டுவதையே அவர் காண்பார். பிழையான விடையும் விடையற்ற மௌனமும் ஆசிரியருக்கு மிகவும் தேவையானவை.

கமெராவில் தெரிவது

வீட்டின் உட்புறம் பிறர் கண்ணில் படுவது பல குடும்பங்களுக்குச் சங்கடமானது. நிலக்கீழ் வீட்டில் ஒரே மேசையில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளில் இருக்கும்போது, பின்னால் சமையலும் நடக்கும். வீட்டின் தோற்றத்தைப் பற்றிப் பேசாதிருப்பதும், பிள்ளை வாய்தவறிச் சொல்லும் குடும்ப விடயத்தை வகுப்பின் முன் தொடராமல் விடுவதும் பணியாளர்களின் தொழில்முறை நாகரிகத்தில் அடங்கும். பிள்ளையைச் சுவருக்கு முதுகு காட்டி அமர்த்தினால் அறை தெரியாது. கமெராவை இயக்குவதில் தயக்கம் இருந்தால் ஆசிரியரிடம் நேராகவே பேசலாம்.

அதேவேளை, ஒரு சட்டக் கடமை திரையின் வழியாகவும் தொடர்கின்றது. 2017ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர், குடும்ப சேவைகள் சட்டத்தின்படி, பிள்ளைக்குத் தீங்கு நேர்கின்றது என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் ஆசிரியர் தாமே உடனடியாகச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதிபரிடம் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. இது தொலைநிலைக் கற்றலுக்காகப் புதிதாக வந்த கண்காணிப்பன்று. வகுப்பறையிலும் இருந்துவந்த கடமையே. வறுமையும் இட நெருக்கடியும் தீங்கு ஆகா. உணவோ கருவியோ போதாத வீடு என்று அறியும் ஆசிரியரின் வேலை, அக்குடும்பத்தை உதவியுடன் இணைப்பதாகும்.

வீட்டார் கேட்டுப் பெறக்கூடியவை

அக்கல்வியாண்டில் கருவி இல்லாத பிள்ளைகளுக்குக் கல்விச்சபைகள் மடிக்கணினி அல்லது ரப்லெற்றை இரவலாகத் தந்தன. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவிதான் இருந்ததென்றால், அதையும் ‘இல்லை’ என்றே தெரிவிக்க வேண்டியிருந்தது. ‘ஒன்று இருக்கின்றது’ என்று படிவத்தில் குறித்துவிட்டுப் பின்னர் தவிப்பதில் பயனிருக்கவில்லை. பெற்றோருடனான முக்கிய உரையாடல்களுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்து அதன் குறைகளைப் பேசுவது தகாது.

சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று இருப்பின், அதில் உள்ள வசதிகள் தொலைநிலையில் எவ்வாறு வழங்கப்படும் என்பதை முதல் இரு வாரங்களுக்குள் கேட்டறிய வேண்டும். திரைமுன் இருப்பதையே தாங்க இயலாத பிள்ளைகளும் உண்டு. நேரடி இணைய வகுப்பிலிருந்து தனிப்பட்ட முறையில் விலக்குக் கோரவும் வழியிருந்தது. பெற்றோர் அதை எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது. விலக்குக் கிடைத்த பிள்ளைக்குப் பாடசாலை வேறு முறையில் கற்றலைத் தொடர வேண்டியிருந்தது.

புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பாடசாலைகளோடு இணைந்து பணியாற்றும் குடியேற்றப் பணியாளர்கள் உதவுவர். அவர்களைப் பாடசாலை அலுவலகத்தின் மூலம் அணுகலாம். நூலக அட்டை இலவசம். அதன்மூலம் மின்னூல்களை வீட்டிலிருந்தே பெறலாம். உணவு, வாடகை, மனநலம் ஆகியவை குறித்து எங்கு செல்வது என்று தெரியாதவர்கள் 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழில் பேச விரும்புவதாகத் தெரிவிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படும் வரை அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்க வேண்டும்.