சாட்சியின் சொல் மாறாமல்

கிள்ளான் நீதிமன்றத்தில் ஒரு காலை வேளையைக் கற்பனை செய்து பார்ப்போம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குரிய கூண்டில் முதியவர் ஒருவர் நிற்கிறார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் அவருக்கு மலாய்மொழி தெரியும். அடுத்த வீட்டுக்காரரின் மிதிவண்டியைத் திருடியதாக அவர்மீது குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்கிறார். பிறகு, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? இல்லை, மறுத்து விசாரணை கேட்கிறீர்களா?” என்று வினவுகிறார். முதியவர் கைகளைக் கட்டிக்கொண்டு, “சரிங்க ஐயா” என்கிறார்.

அந்தச் ‘சரி’க்கு என்ன பொருள்? ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதா? ‘ஆமாம், நான்தான் எடுத்தேன்’ என்பதா? ‘பெரியவர்கள் கேட்கும்போது எதிர்த்துப் பேசக்கூடாது’ என்ற பணிவா? தமிழர் வீடுகளில் இந்த மூன்று பொருளிலும் ‘சரி’ வழங்குகிறது. நீதிமன்றத்திலோ மொழிபெயர்ப்பாளர் அதை ‘மெங்காக்கு சாலா’, அதாவது ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்’ என்று சொல்லிவிட்டால், வழக்கு விசாரணையின்றியே தண்டனையை நோக்கி நகர்ந்துவிடும். ஒரு சொல்லை எப்படி மாற்றிச் சொல்கிறோம் என்பதில் ஒரு மனிதரின் விடுதலை அடங்கியிருக்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பயிற்சி கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சட்டம் தரும் உரிமை

மலேசியாவில் 1963/67ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டத்தின்படி நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடைபெறுகின்றன. நீதியின் நலன் கருதி ஆங்கிலமும் பயன்படுத்தப்படுவதுண்டு. இவ்விரு மொழிகளையும் நன்கு அறியாதவரும் தம்மீதான வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி செய்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று அச்சட்டத்தின் 270ஆம் பிரிவு கூறுகிறது. குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொண்டால், அதன் தன்மையையும் விளைவையும் அவர் உணர்ந்துதான் ஒப்புக்கொண்டாரா என்பதை நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது 173ஆம் பிரிவு. இந்த இரண்டு கடமைகளும் நிறைவேற மொழிபெயர்ப்பாளரின் துணை தேவை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தேவை சிறியதன்று. கிள்ளானைச் சுற்றிலும் இருந்த தோட்டங்களிலும் துறைமுகத்திலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் தொடர்வண்டித் துறை வேலைக்காக வந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் குடியேறினார்கள். இன்று தமிழகத்திலிருந்து வேலைக்கு வருவோரும் உள்ளனர். இவர்களுள் எவரும் சாட்சியாகவோ, முறையீட்டாளராகவோ, குற்றஞ்சாட்டப்பட்டவராகவோ நீதிமன்றப் படியேற நேரலாம்.

பதிவாவது எது?

நீதிமன்றத்தில் பேசப்படுவதைப் பதிவு செய்யும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் ‘ஸ்டெனோடைப்’ என்னும் சிறிய இயந்திரத்தைக் கொண்டு ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்வார். பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஓர் அசையோ முழுச் சொல்லோ பதிவாகும். அந்நாட்டின் தொழில்முறைச் சான்றிதழ் பெற விரும்புவோர், கேள்வி பதிலாக நடக்கும் சாட்சியத்தை நிமிடத்துக்கு 225 சொற்கள் என்ற வேகத்தில் 95 விழுக்காடு பிழையின்றி எழுதிக் காட்ட வேண்டும். அந்த வேகத்தை எட்டப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூடப் பிடிக்கும்.

மலேசியாவில் நிலைமை வேறு. நெடுங்காலம் நீதிபதிகளே சாட்சியத்தைத் தம் கையால் எழுதி வந்தனர். தமிழில் பேசிய சாட்சியின் சொற்களை அவர்கள் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே கேட்டு எழுதினர். ஆகவே, ஏட்டில் ஏறியது மொழிபெயர்ப்பு மட்டுமே. சாட்சி உண்மையில் பேசிய தமிழ் காற்றோடு போய்விட்டது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அந்த ஏட்டைப் படித்தாலும், மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

2000களின் இறுதியில், துன் ஸாக்கி அஸ்மி நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தபோது நீதித்துறையில் பல சீர்திருத்தங்கள் நடைபெற்றன. நீதிமன்ற நடவடிக்கைகளை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்து, பின்னர் எழுத்துப்படியாக்கும் முறை அவற்றுள் ஒன்று. இதனால் சாட்சியின் சொந்தக் குரலும் சேமிக்கப்படுகிறது. ஐயம் எழுந்தால் பதிவைத் திரும்பக் கேட்டு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கலாம். மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இதனால் குறையவில்லை. அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் என்றைக்கு வேண்டுமானாலும் சோதிக்கப்படலாம் என்றாகிவிட்டது.

மொழி வைக்கும் சோதனைகள்

இரண்டு மொழிகளில் சரளமாகப் பேசத் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளராகிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். பயிற்சிக்கு வந்த சில நாள்களிலேயே அந்த எண்ணம் மாறிவிடும்.

முதல் சோதனை தமிழ் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. “நான் அந்த ஆளை அன்றைக்கு ராத்திரி பாசார் மாலாமில் கடைக்குப் பின்னால் பார்க்கவில்லை” என்று ஒரு சாட்சி சொல்கிறார். ‘பார்க்கவில்லை’ என்னும் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. மலாய்மொழியிலோ ‘திடாக்’ என்னும் மறுப்புச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். எனவே, தமிழ் வாக்கியம் முடியும்வரை மொழிபெயர்ப்பாளர் காத்திருக்க வேண்டும். அதற்குள் யார், எப்போது, எங்கே என்பனவற்றை எல்லாம் நினைவில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பார்க்காதவர் பார்த்தவராகிவிடுவார்.

இரண்டாவது சோதனை, ஒரு மொழியில் இருப்பது இன்னொரு மொழியில் இல்லாமல் போவது. “அவள் கதவைத் திறந்தாள், அவன் வெளியே ஓடினான்” என்பதில் இருவர் இருப்பது தெளிவு. மலாய்மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘டியா’ என்ற ஒரே சொல்தான். அப்படியே மாற்றினால், கதவைத் திறந்தவரே ஓடியதாகத் தோன்றும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ‘அந்தப் பெண்’, ‘அந்த ஆண்’ என்று பிரித்துச் சொல்வார். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாட்டுக்கு மலாய்மொழியில் ‘கீத்தா’, ‘காமி’ என்னும் சொற்கள் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். “நாம் போய் அடித்தோம்”, “நாங்கள் போய் அடித்தோம்” ஆகிய இரண்டில் எதைச் சாட்சி சொன்னார் என்பதைப் பொறுத்து, எதிரே நிற்பவரும் அடிதடியில் இருந்தாரா இல்லையா என்பது மாறும்.

மூன்றாவது, உறவுப் பெயர்கள். ‘அண்ணன்’ என்பது உடன்பிறந்தவராக இருக்கலாம். பக்கத்துக் கடைக்காரராகவும் இருக்கலாம். ‘மாமா’ என்றால் தாயின் சகோதரர், கணவரின் தந்தை, அறிமுகமான பெரியவர் என எவரையும் குறிக்கும். சொத்து வழக்கில் இந்த வேறுபாடு பெரிது. தாமாக ஊகித்துச் சொல்லாமல், சாட்சியிடம் கேட்டுத் தெளிவுபெற நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுவதே முறை.

நான்காவது, வட்டார வழக்கு. “அவர் என்னோடு கதைத்தார்” என்று இலங்கைத் தமிழர் சொன்னால், ‘பேசினார்’ என்பதுதான் பொருள். இதை அறியாத ஒருவர், ‘கதை சொன்னார்’ என்று மாற்றிவிடக்கூடும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குத் தம் வீட்டுத் தமிழ் மட்டும் தெரிந்திருந்தால் போதாது என்பதற்கு இது சிறிய சான்று.

ஐந்தாவது, சட்டச் சொற்கள். அன்றாடப் பேச்சில் திருட்டையும் கொள்ளையையும் நாம் கலந்தே பேசுகிறோம். சட்டத்தில் அவை வெவ்வேறு. குற்றவியல் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டை விளக்குகிறது. வன்முறையோ உடனடி ஆபத்து பற்றிய அச்சுறுத்தலோ சேரும்போது அது 390ஆம் பிரிவின்கீழ் கொள்ளையாகிறது. தண்டனையும் கூடுகிறது. குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லும்போது சொல் இடம் மாறினால், கேட்பவர் தாம் செய்யாத பெரிய குற்றத்துக்குப் பதில் சொல்ல நேரிடும்.

பயிற்சியில் கற்க வேண்டியவை

பயிற்சி பெறுவோர் முதலில் பழகுவது, சாட்சியின் இடத்திலிருந்து பேசுவது. சாட்சி “நான் பார்த்தேன்” என்றால் மொழிபெயர்ப்பாளரும் “நான் பார்த்தேன்” என்றே சொல்ல வேண்டும். “அவர் பார்த்ததாகச் சொல்கிறார்” என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால், பதிவைப் படிப்பவருக்கு யார் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்ற குழப்பம் வரும்.

அடுத்தது நினைவாற்றல். சாட்சி பேசும்போதே பெயர்கள், எண்கள், நேரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழு வாக்கியத்தையும் எழுத நேரமிருக்காது. அதனால் ஒவ்வொருவரும் தமக்கென அம்புக்குறி, கோடு, சுருக்க எழுத்து என ஒரு குறிப்பு முறையை உருவாக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் பேசும்போதே இன்னொரு மொழியில் தாழ்ந்த குரலில் சொல்லும் முறை இன்னும் கடினம். 1945ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் போர்க்குற்ற விசாரணை தொடங்கியபோது, ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடந்தது. பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு எரியும். களைப்பு பிழைக்கு இடம் தரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் குழுக்களாக மாறி மாறி வேலை செய்தனர். புரியாதபோது நிறுத்தச் சொல்வது குறையன்று என்பதை இன்றைய பயிற்சியாளர்களும் கற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மனத்திடம். வசைச்சொல்லை நீதிபதியின் முன்னால் சொல்லப் பலருக்கும் நா கூசும். அதை ‘கெட்ட வார்த்தையில் திட்டினார்’ என்று சுருக்கிவிட்டால், மிரட்டல் எவ்வளவு கடுமையானது என்பது நீதிமன்றத்துக்குத் தெரியாமல் போய்விடும். அடி வாங்கிய குழந்தையின் சாட்சியத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அப்போதும் சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

நான்காவது, விலகி நிற்றல். நீதிமன்ற நடைபாதையில் ஒருவர், “தம்பி, ஒத்துக்கிட்டா தண்டனை குறையுமா?” என்று கேட்கலாம். கேட்பவர் தந்தை வயதுடையவராக இருப்பார். தமிழில் பேச அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும், “ஐயா, அதை நான் சொல்லக்கூடாது, வழக்கறிஞரைக் கேளுங்கள்” என்பதே சரியான பதில். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கில் தொடர்புடையவர் தமக்கு உறவினராக இருந்தால், அதையும் மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கே தொடங்கலாம்?

இத்திறன்களுக்கான அடித்தளம் பள்ளியிலேயே இடப்படுகிறது. செய்தியறிக்கை ஒன்றைக் கேட்டு, நிறுத்தி, அதே கருத்தை இன்னொரு மொழியில் திரும்பச் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வீட்டில் பாட்டி பேசும் தமிழையும், நாளிதழ்த் தமிழையும், பாடநூல் தமிழையும் ஒப்பிட்டுக் கவனிப்பதும் பயன்தரும். 1993ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் மொழிபெயர்ப்புத் துறையில் பயிற்சிகளை நடத்தி வருகிறது. கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலும் பிற நீதிமன்றங்களிலும், திறந்த விசாரணைகளைப் பொதுமக்கள் அமைதியாக அமர்ந்து கவனிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வழக்குகளை அழைப்பதையும், குற்றச்சாட்டை வாசிப்பதையும் நேரில் கண்டால் இப்பணி எத்தகையது என்பது விளங்கும்.

இனி, கிள்ளான் முதியவரிடம் திரும்புவோம். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அவருடைய ‘சரி’யை ஒப்புதலாக மாற்றமாட்டார். “அவர் ‘சரி’ என்று சொன்னார். அதன் பொருள் தெளிவாக இல்லை. மீண்டும் கேட்க அனுமதி வேண்டும்” என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்வார். அனுமதி கிடைத்ததும், கேள்வியை எளிய தமிழில் நிறுத்தி நிதானமாகக் கேட்பார். முதியவர் தலைநிமிர்ந்து, “நான் எடுக்கலைங்க ஐயா. இரவல் கேட்டேன், குடுத்தாரு” என்கிறார்.

அவர் சொல்வது உண்மையா என்பதை நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். அது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று. அந்த முதியவர் சொன்னது, அவர் சொன்னபடியே நீதிமன்றத்தின் காதில் விழ வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பயிற்சியும்.