கணக்கு கூடினால் நோய் கூடியதா?

கொச்சங்காடியில் ஒரு மருத்துவ முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை. சென்ற ஆண்டு நம் தெருக்களில் ஒருவருக்குத்தான் மார்பகப் புற்றுநோய். முகாம் முடிந்ததும் நான்கு பேருக்கு இருப்பது தெரிகிறது. உடனே என்ன பேசுவோம்? “நோய் பெருகிவிட்டது. பரிசோதனைக்குப் போனதுதான் வம்பு” என்போம். பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவோம்.

இது சரியா? யோசிப்போம்.

பெரிய கண் உள்ள வலையில் பெரிய மீன் மட்டும் சிக்கும். சிறிய கண் உள்ள வலையில் பொடி மீனும் சிக்கும். கடலில் மீன் கூடவில்லை. வலைதான் மாறியது. பரிசோதனையும் அந்தச் சிறிய கண் வலை போன்றது. முன்பு தெரியாமல் இருந்த சிறிய கட்டிகள் இப்போது தெரிகின்றன.

அப்படியானால் பரிசோதனையால் பயன் உண்டா? அதற்கு இன்னொரு கணக்குப் பார்க்க வேண்டும். முற்றிய நோய் குறைகிறதா? மரணம் குறைகிறதா?

திருவனந்தபுரத்தில் பார்த்தது

2006-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 69 வயது வரை உள்ள 1,15,652 பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தொட்டுப் பரிசோதனை செய்தார்கள்.

50,366 பேரைச் சோதித்தார்கள். 2,880 பேரிடம் சந்தேகம் வந்தது. அவர்களில் 30 பேருக்குத்தான் புற்றுநோய். ஆகவே “சந்தேகம்” என்று சொன்னாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

2011-இல் கணக்கு வெளியானது. ஆண்டுக்கு 1 லட்சம் பெண்களில், ஆரம்ப நிலை நோய் சோதித்த பிரிவில் சுமார் 19 பேருக்கு; மற்றப் பிரிவில் 8 பேருக்கு. முற்றிய நோய் சோதித்த பிரிவில் சுமார் 20 பேருக்கு. மற்றப் பிரிவில் 22 பேருக்கு. ஆரம்ப நிலை நன்றாகக் கூடியது. முற்றியது சிறிதளவே குறைந்தது.

அமெரிக்காவில் பார்த்தது

மேமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே படம். கைக்குத் தட்டுப்படாத கட்டியும் அதில் தெரியலாம். அமெரிக்காவில் 1980-களில் இது பரவியது. முப்பது ஆண்டுக் கணக்கை 2012-இல் இரண்டு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன 1 லட்சம் பெண்களில், ஆரம்ப நிலை நோய் ஆண்டுக்கு 112-லிருந்து 234 ஆனது. முற்றிய நோயோ 102-லிருந்து 94 தான் ஆனது.

அதாவது 122 கூடியது. 8 தான் குறைந்தது. ஏன்? சில கட்டிகள் மிக மெதுவாக வளரும். தெரியாமலே இருந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது. எது அப்படிப்பட்டது என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அதனால் தேவையில்லாத சிகிச்சை பெற்றவர்களும் உண்டு என்று அவர்கள் சொன்னார்கள்.

மும்பையில் கண்ட நன்மை

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அங்கும் மேமோகிராம் இல்லை. கைப் பரிசோதனைதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடந்தது. 2021-இல் முடிவு வந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை வேண்டும் என்பது 2016-இல் மத்திய அரசு வகுத்த முறை. ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

கட்டி, தோலில் குழி, காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். வலி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. முகாமுக்குப் பின் நோய்க் கணக்கு ஏன் கூடுகிறது?
2. பரிசோதனையால் பயன் உண்டா என்று எந்தக் கணக்கைப் பார்த்து அறியலாம்?
3. நம் வீட்டுப் பெண்கள் கட்டியை ஏன் மறைக்கிறார்கள்?