ஆஸ்டர் மலரும் அதன் வளர்ப்பும்

விதைக் கடையில் ஆஸ்டர் என்று அச்சிட்ட பொட்டலம் ஒன்றை வாங்கி, மேலுறையின் வண்ணப் படத்தைக் கண்டு மகிழ்ந்து, வீட்டுப் பூச்சட்டியில் விதைத்துப் பார்க்கும் அன்பர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உளர். விதை முளைக்கின்றது, நான்கைந்து இலைகளும் விடுகின்றது. அதன்பின் அச்செடி மேலெழ மனமற்றதுபோல் தரையோடு தரையாய் இலைகளை வட்டமாக விரித்து அமர்ந்துவிடுகின்றது. பூத்தாலும் விரல் நீளக் காம்பில் பொத்தானைப் போன்ற சிறு பூவே தோன்றும். எரு போதவில்லை என்று எண்ணி மேலும் எருவிடுவர் சிலர். மண்ணின் குறை என்று மண்ணை மாற்றுவர் வேறு சிலர். பெரும்பாலும் காரணம் இவ்விரண்டும் அன்று. அச்செடி எதிர்பார்க்கும் நீண்ட பகல் நிலநடுக்கோட்டை அடுத்த இந்நாடுகளில் என்றுமே வருவதில்லை என்பதே காரணமாகும்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆஸ்டர் என்பது விண்மீன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். வானநூலைக் குறிக்கும் 'அஸ்ட்ரானமி' என்னும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. நடுவில் மஞ்சள் வட்டும் சுற்றிலும் கதிர்போல் நீண்ட இதழ்களும் உடைய பூவுக்கு இப்பெயர் பொருந்தும். ஆயின் இன்று இந்த ஒரு பெயரால் மூவகைச் செடிகள் வழங்குகின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இயற்கையாய் வளரும் உண்மை ஆஸ்டர்கள் ஒருவகை. வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் பூப்பவை மற்றொரு வகை. செப்டம்பர் 29இல் வரும் மிக்கேல் திருநாளை ஒட்டிப் பூப்பதால் இவற்றை ஆங்கிலேயர் 'மைக்கேல்மஸ் டெய்சி' என்பர். தாவரவியலார் 1994க்குப் பின் இவ்வமெரிக்க வகைகளிற் பெரும்பாலானவற்றை ஆஸ்டர் இனத்திலிருந்து பிரித்துச் 'சிம்ஃபியோட்ரிக்கம்' முதலிய வேறு இனங்களில் சேர்த்துவிட்டனர். மூன்றாவது வகையே பொட்டலத்தில் விற்கப்படும் சீன ஆஸ்டர். லின்னேயஸ் 1753இல் இதனையும் ஆஸ்டர் இனத்திலேயே வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தனி இனமெனக் கண்டு, 'காலிஸ்டெஃபஸ்' என்று பெயரிட்டனர். அதற்கு மிக அழகிய முடி என்பது பொருள். அவ்வினத்தில் இந்த ஒரு செடி தவிர வேறில்லை.

ஆஸ்டரைத் தமிழாக்கி 'விண்மீன் பூ' என்று வழங்கலாமே எனத் தமிழாசிரியர் சிலர் கருதக்கூடும். உண்மை ஆஸ்டருக்கு அது நன்கு பொருந்தும். பந்துபோல் அடர்ந்து மலரும் சீன ஆஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு விண்மீன் என்றால் மாணவர் நகைப்பர். அதற்கு 'முடிப்பூ' என்பதே தகும். தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளிலோ ஆஸ்டர் என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

சீனாவின் தோட்டங்களிலிருந்து இதன் விதை பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுச் சமயப் பணியாளர் வழியாகப் பாரிசை அடைந்தது. முதலில் வந்தவை ஓரடுக்குப் பூக்களே. பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர், சிறப்பாக ஜெர்மானியர், தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பல அடுக்கு வகைகளை உண்டாக்கினர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியில் நாம் ஒரு பூ என்பது உண்மையில் பல சிறுபூக்களின் கூட்டமாகும். ஓரத்துச் சிறுபூக்கள் நாக்குப்போல் நீண்டிருக்கும். நடுவிலுள்ளவை சிறு குழாய்களாய் இருக்கும். நடுச் சிறுபூக்களும் ஓரத்தனபோல் நீண்டுவிடின் அதனையே அடுக்குப்பூ என்கின்றோம். வெண்மை, இளஞ்சிவப்பு, செம்மை, ஊதா, நீலம் எனப் பல நிறங்களில் இது கிடைக்கும். நல்ல மஞ்சள் மட்டும் அரிது. ஆதலின் சாமந்தியின் மஞ்சளோடு சேர்த்துத் தொடுக்க இதன் ஊதா மிகவும் ஏற்றது.

இனிப் பகலின் நீளத்துக்கு வருவோம். செடிகள் பூப்பதற்கும் பகலிரவு நீளத்துக்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர் தெளிவாக வெளியிட்டனர். புகையிலையையும் சோயா மொச்சையையும் கொண்டு அவர்கள் ஆராய்ந்தனர். சில செடிகள் பகல் குறுகும்போது பூக்கும். சில நீளும்போது பூக்கும். சில இரண்டையும் பொருட்படுத்தா. சீன ஆஸ்டரின் இயல்பு இம்மூன்றினும் சற்றுச் சிக்கலானது. இளமையில் அதற்கு நீண்ட பகல் வேண்டும். அப்போதுதான் தண்டு நிமிர்ந்து எழும். தண்டு எழுந்தபின் குறும்பகல் வாய்த்தால் பூ விரைவில் வரும். தொடக்கத்திலிருந்தே குறும்பகலில் வளர்ந்த செடி, குளிர்ந்த இடமாயின் இலைவட்டமாகவே நிற்கும். வெப்பமான இடமாயின் குட்டைக் காம்பில் பூத்துவிடும்.

பாரிசில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரம் நீள்கின்றது. வேனிலில் நாற்று வளர்ந்து, பகல் குறையத் தொடங்கும்போது பூப்பது அங்கே தானாகவே நடந்துவிடும். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடங்கூட இல்லை. கோலாலம்பூரில் அது ஏறத்தாழ 20 நிமிடம். ஆண்டு முழுதும் 12 மணி நேரப் பகலே காணும் நாற்று, எழுவதற்குரிய காலம் வந்ததென எவ்வாறு அறியும்?

இக்குறையைத் தீர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. வீட்டு முகப்பில் எரியும் மின்விளக்கே போதும். நாற்று நட்டு வேர்பிடித்த நாள்முதல், மாலை ஏழு மணியளவில் இருட்டியதும் விளக்கை ஏற்றி இரவு பதினொரு மணிக்குமேல் அணைத்தால், செடிக்கு அது 16 மணி நேரப் பகலாகிவிடும். வெயிலைப் போன்ற வெளிச்சம் தேவையில்லை. செடியருகே அமர்ந்து நாளிதழ் படிக்கும் அளவு ஒளி போதுமானது. தண்டு முழங்கால் உயரம் எழுந்ததும் இதனை நிறுத்திவிடலாம். அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் இரவு முழுதும் விளக்கு எரியுமாதலின், அங்கு வைத்த செடி கேளாமலே நீண்ட பகலைப் பெறுகின்றது. பூப்பது மட்டும் சற்றுத் தாமதமாகலாம்.

கேமரன் மலையில் சாமந்தித் தோட்டங்களின் கூரைகளுக்குள் இரவில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிவதைப் பார்த்தவர் பலர். அங்கும் பகலை நீட்டிக்கவே விளக்கு. ஆனால் நோக்கம் வேறு. சாமந்தி குறும்பகலில் பூக்கும் செடியாதலின், விளக்கில்லையேல் சிறு செடியாய் இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும். காம்பு நீளும்வரை பூப்பதைத் தடுத்து வைக்கவே அவ்விளக்கு. ஆஸ்டருக்கோ எழுந்து நிற்கத் தூண்டவே விளக்கு வேண்டும். ஒரே பன்னிரண்டு மணிப் பகலில் ஒன்று அவசரப்படுகின்றது. மற்றொன்று எழ மறுக்கின்றது. இரண்டுக்கும் முடிவு குட்டைக் காம்புதான்.

பள்ளியில் இதனை மாணவர்க்குக் காட்டுதல் எளிது. ஒரே பொட்டலத்து விதையை ஒரே மண் நிரப்பிய இரு சட்டிகளில் வளர்த்து, பகலில் இரண்டையும் ஒரே வெயிலில் வைக்கவேண்டும். மாலையானதும் ஒன்றை விளக்கடியிலும் மற்றொன்றைத் தெருவிளக்கின் ஒளியும் படாத இருளிலும் வைத்து, வாரந்தோறும் அடிக்கோலால் உயரத்தை அளந்து எழுதி வந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேறுபாடு விளங்கிவிடும்.

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் விளக்கின்றியே இப்பூவை வயல்களில் பயிரிடுகின்றனர். சென்னையும் பெங்களூரும் 13 பாகை வட அகலக்கோட்டை ஒட்டியவை. அங்கே நீண்ட பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. அத்துடன் அந்நிலத்துக்கு ஏற்ற வகைகளையும் உண்டாக்கியுள்ளனர். பெங்களூரை அடுத்த ஹேசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க் முதலியன அத்தகையன. குளிர்நாட்டு உயர வகையைவிட இத்தகைய விதையையோ, இயல்பாகவே குட்டையான சட்டிச் செடி வகையையோ தேடி வாங்குதல் அறிவுடைமை. குட்டை வகைக்குக் காம்பு நீளாமை ஒரு குறையாகாது.

வளர்ப்பு முறை கடினமானதன்று. விதை புதியதாய் இருத்தல் முதன்மை. ஆஸ்டர் விதை ஓராண்டு கடந்தாலே முளைக்கும் திறனை விரைந்து இழக்கும். மணலும் இலைமக்கும் கலந்த தட்டில் தூவி, விதை மறையும் அளவு மட்டும் மண்ணிட்டு, பூவாளியால் மெல்ல நீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளைக்கும். நான்கைந்து இலை விட்டபின், ஏறத்தாழ ஒரு மாதத்தில், நாற்றைப் பிடுங்கி ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளியில் நடலாம். சட்டியாயின் ஒரு சட்டிக்கு ஒரு செடி. காலை வெயில் நன்கு படவேண்டும். தாழ்நிலங்களில் நண்பகலுக்குப்பின் சிறிது நிழல் இருப்பின் பூ வாடாது. இது குளிர்ச்சியை விரும்பும் செடி என்பதை மறத்தலாகாது.

ஆஸ்டரின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வன. ஆதலின் அடியில் ஆழமாகக் கொத்தாமல், களையைக் கையால் எடுத்துவிட்டு, உலர்ந்த புல்லாலோ சருகாலோ மண்ணை மூடுதல் நன்று. நீரைக் காலையில் அடியில் ஊற்றவேண்டும். மாலையில் இலைமேல் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கி நோய்க்கு வழிசெய்யும். அடைமழையில் பூ நனைந்து அழுகுமாதலின் மொட்டு விரியும் காலத்தில் சட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். நன்கு மக்கிய தொழுவுரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும்.

மேற்கூறியவற்றையெல்லாம் செய்தும் செடி மடிவதுண்டு. அதற்குக் காரணமான நோய்களுள் வாடல் நோய் தலையாயது. நேற்றுவரை செழித்திருந்த செடியின் அடியிலைகள் ஒருபக்கமாக மஞ்சளித்து வாடும். தண்டின் அடியில் கருமையான கோடு தோன்றும். சில நாளில் செடி முழுதும் சாயும். ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை மண்ணிலிருந்து வேர்வழியே புகுந்து நீர் ஏறும் குழாய்களைப் பற்றுவதால் இது விளைகின்றது. நீர் ஏறாமையால் வாடும் செடிக்கு மேலும் நீர் ஊற்றிப் பயனில்லை. நோயுற்ற செடிக்கு மருந்தும் இல்லை. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அப்பூஞ்சை பல ஆண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஆஸ்டர் பூத்த இடத்தில் மறுபடியும் ஆஸ்டர் நடலாகாது. சட்டியாயின் மண்ணைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதுமண் நிரப்பவேண்டும். முதலாண்டு அழகாய் வந்த ஆஸ்டர் அடுத்த ஆண்டு அதே பாத்தியில் பாழாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மற்றொன்று, தாவர நோயியல் வரலாற்றிலேயே இடம்பெற்ற நோய். 'ஆஸ்டர் மஞ்சள் நோய்' என்பது அதன் பெயர். நோய் கண்ட செடி வெளிறி, சிறு கிளைகள் துடைப்பம்போல் அடர்ந்து, பூக்களும் பச்சையாய்த் திரியும். அமெரிக்காவில் குங்கெல் என்பவர் 1920களில் இந்நோயை ஆராய்ந்து, இலைத்தத்துப்பூச்சி ஒன்றே இதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கின்றது என மெய்ப்பித்தார். நோயுற்ற செடியின் சாற்றை உண்ட பூச்சி உடனே நோயைப் பரப்புவதில்லை. பத்து நாளேனும் கழிந்த பின்னரே பரப்புகின்றது என்பதையும் கண்டார். நோய்க்கிருமியை மட்டும் எவரும் காணவில்லை. வைரஸ் என்றே நெடுங்காலம் நம்பினர். 1967இல் ஜப்பானிய அறிஞர்கள் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்து, செடியின் உணவு செல்லும் குழாய்களில் செல்சுவரற்ற நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தனர். அவை இன்று பைட்டோபிளாஸ்மா எனப்படுகின்றன. தமிழக உழவர் நன்கறிந்த கத்தரியின் சிற்றிலை நோயும், எள்ளின் பூக்கள் இலைகளாய் மாறும் நோயும் இவ்வகைக் கிருமிகளால் வருவனவே. பூ பச்சையாகத் திரிந்த செடி எதுவாயினும் அதனை வேடிக்கைக்காக வைத்திருத்தல் கூடாது.

விதைத்து மூன்றரை முதல் நான்கு மாதத்தில் ஆஸ்டர் பூக்கும். சில வாரம் பூத்து அத்துடன் முடியும். இஃது ஒருபருவச் செடியாதலின், தொடர்ந்து பூ வேண்டுவோர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்து வரவேண்டும். குவளையில் வைக்க வெட்டும்போது நன்கு விரிந்த பூவையே, அதிகாலையில் வெட்டவேண்டும். நீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, நீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரம் வாடாமல் இருக்கும்.

நோயணுகாத நல்ல செடி ஒன்றில் சிறந்த பூ ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்து, அது காய்ந்து பழுப்பு நிறமானதும் மழைபடாமல் பறித்து நிழலில் உலர்த்தினால் விதை கிடைக்கும். இந்நாடுகளின் ஈரக்காற்றில் வெறுங்காகிதத்தில் மடித்து வைத்த விதை கெட்டுவிடும். சிறு போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசி சிறிதிட்டு, அதன்மேல் விதைப் பொட்டலத்தை வைத்து, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த விதைப்புக்கு ஆகும்.