மீண்டும் மீண்டும் வைக்கும் ஈயம்

தலவாக்கலைக் கடைத்தெருவில் பழுது பார்த்துக் கொண்டுவந்த வானொலிப் பெட்டியொன்று லயத்து அறையில் அரைமணி நேரம் பாடிவிட்டு மௌனமாகிறது. ஆறியபின் மீண்டும் பேசுகிறது. மறுபடியும் கடைக்குப் போகிறது. அதே இடத்தில் மறுபடியும் ஈயம் வைக்கப்படுகிறது. மூன்றாம் முறை பெட்டியே பயனற்றுப் போகிறது. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, பிசினில் தோய்த்து இறுக்கிய காகிதத்தாலோ கண்ணாடி நாராலோ ஆனது. மலிவான பழைய பெட்டிகளில் காகிதப் பலகையின் மீது மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் உருகும். ஆனால் அதை உருக்கும் கோலின் நுனியோ பெரும்பாலும் 300 பாகைக்கும் மேலே நிற்கும். பசைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பலமுறை சுட்டால் செப்பு வட்டம் பலகையை விட்டு எழும்பிவிடும். இக்கேடு கண்ணுக்குத் தெரியும்.

தெரியாத கேடுதான் பொல்லாதது. கண்ணாடி நார்ப் பலகையின் துளைகளுக்குள் இருபுறத்தையும் இணைக்கும் செப்புப் பூச்சு உண்டு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கே. சாதாரணப் பலகையின் பிசின் 130, 140 பாகையளவில் இளகத் தொடங்கும். அதற்கு மேல் பலகையின் தடிப்பு, செப்பைக் காட்டிலும் பன்மடங்கு விரியும். ஒவ்வொரு சூட்டிலும் பூச்சு இழுபட்டு, முடிவில் மயிரிழை போல் வெடிக்கும். குளிரில் வெடிப்பின் ஓரங்கள் தொட்டுக்கொள்ளும், சூடேறினால் விலகும். நாம் கண்ட மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வெள்ளீயமும் செப்பும் சேர்ந்து உண்டாகும் நொறுங்கும் படலமும் சூட்டுக்குச் சூடு தடிக்கிறது. 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின் பரவிய கலவைகளோ ஏறத்தாழ 217 பாகையில்தான் உருகத் தொடங்குகின்றன.

ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்திலுள்ள தலவாக்கலையில், தென்மேற்குப் பருவமழை நாட்களில் பலகை ஈரத்தையும் உறிஞ்சியிருக்கும். திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிடும். உலர்த்தியின் சூட்டைக் காத்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை அன்பர்களுக்கு, ஈரமும் சூடும் சேர்ந்து செய்யும் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கோலைத் தொடுமுன் மானியைத் தொடுக. இணைப்பு அறுந்த இடத்தை அளந்து அறிந்தபின், இரண்டு மூன்று விநாடிகளில் ஈயம் வைத்துக் கோலை எடுத்துவிட வேண்டும். துளையின் பூச்சு வெடித்திருந்தால் திரும்பத் திரும்பச் சுடுவதால் பயனில்லை. மெல்லிய செப்புக் கம்பியைத் துளையூடே செலுத்தி, இருபுறமும் ஒரே முறை பற்றவைத்தால் போதும்.